இடியனுக்கு அழும் முகம் இல்லை

2019 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, காலை பதினொன்றே முக்கால். சென்னை சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் கூடம். திரையில் பத்து வயதுக் கார்ட்டூன் சிறுவன் ஒருவன் வசனத்தை முடித்துவிட்டான். ஆனால் அவன் வாய் மேலும் ஒன்றரை விநாடி அசைந்துகொண்டிருந்தது. அந்த ஒன்றரை விநாடியை, நாக்கில் வந்ததைப் போட்டு நிரப்பினார் உத்திரமேரூர் ஷீபா. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

வேறு மொழியில் தயாரான கார்ட்டூனுக்குத் தமிழில் குரல் கொடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும். எழுதி வந்த வசனம் குட்டையாக இருக்கும், படத்தில் வாய் நீளமாக ஆடும். அன்று தாளில் இருந்தது "அழாதே, பன்னு!" என்பது மட்டும்தான். பன்னு என்பவன் கதாநாயகனின் கூட்டாளி. குண்டன், பயந்தாங்கொள்ளி, எபிசோடுக்கு மூன்று தடவை அழுபவன். கதாநாயகன் பெயர் இடியன். சட்டை கிடையாது. பத்து வயதுப் பையனுக்குப் பூசணிக்காய் பூசணிக்காயாகப் புஜம். அவன் குத்தினால் மலை உடையும். இடியனின் அப்பா எப்போதும் நாற்காலியில் தூங்குவார், எழுந்தால் வழுக்கி விழுவார். ஒரு சிறுமியும் உண்டு. சண்டை முடிந்த பிறகு தண்ணீர் சொம்போடு ஓடி வருவாள்.

"வாய் காலியா ஆடுது ஷீபா, எதையாவது போட்டு ரொப்புங்க," என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பாஸ்கர். டப்பிங்கை நடத்துபவர் அவர்தான்.

ஷீபா இடுப்பில் கைவைத்து நின்று, இடியனின் குரலில் சொன்னார்: "அழுவியா? போ, போய்ப் பாவாடை கட்டிக்கோ!"

உதட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனார்.

ஷீபாவின் அப்பா பெஞ்சமின், அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அம்மா நடவுக்குப் போனவர். ஷீபா செங்கல்பட்டுக் கல்லூரியில் பி.காம். முடித்து, ஒரு கூரியர் அலுவலகத்தில் போன் எடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிறுகளில் சர்ச்சில் வேதபாடம் வாசிப்பார். பாடகர் குழுவோடு கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவுக்காகச் சென்னைக்குப் போனபோது, அங்கே இருந்த ஒலிப்பதிவாளர் ஒரு கார்ட்டூனுக்குப் பள்ளிக்கூடக் கூச்சல் வேண்டும், கொஞ்சம் கத்துகிறீர்களா என்று கேட்டார். ஷீபா ஒருவரே பன்னிரண்டு பிள்ளைகளாகக் கத்தினார். அதிலிருந்து கூட்டக் குரல், பிறகு குட்டிச்சாத்தான், பிறகு இடியன். பையன்களின் குரல் சீக்கிரம் உடைந்துவிடும் என்பதால் கார்ட்டூன் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் பேசுகிறார்கள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் காலை ஐந்து இருபது பஸ், செங்கல்பட்டில் ரயில், கோடம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு.

இடியன் பேசுவதைவிட முக்குவது அதிகம். குத்துவதற்கு ஒரு சத்தம், குத்து வாங்குவதற்கு ஒரு சத்தம், பாறையைத் தூக்க, சுவரை உடைக்க, பல்லைக் கடிக்க எனத் தனித்தனிச் சத்தம். சண்டைக் காட்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது. வியாழக்கிழமை சாயங்காலம் ஷீபா வீடு திரும்பும்போது வாயே திறக்க மாட்டார். மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டு கையால்தான் பேசுவார். மகன் ஆல்வினுக்கு அது விளையாட்டு. அவனும் வாயை மூடிக்கொள்வான். சோறு வேண்டும் என்றால் வயிற்றைத் தட்ட வேண்டும், தூக்கம் என்றால் கன்னத்தில் கை. முதலில் பேசுகிறவர் தோற்றவர். சைகை ஆட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் தோற்பது எப்போதும் அப்பா ஜான்.

ஒன்றரை விநாடி வசனம் பிடித்துக்கொண்டது. அடுத்த எபிசோடிலிருந்து அதை எழுதியே அனுப்பினார்கள். பன்னு அழும் இடமெல்லாம் வந்தது. பிஸ்கட் பாக்கெட்டில் ஸ்டிக்கராக வந்தது. 2023இல் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு ஷீபாவை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். மைக்கில் "அழுவியா?" என்று கேட்டார். பந்தலே இடிந்துவிடும்போல முந்நூறு பிள்ளைகள் மீதியைக் கத்தினார்கள். இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் கேட்டார். முன் வரிசையில் ஜானின் மடியில் உட்கார்ந்து ஆல்வினும் கத்தினான். அவனுக்கு ஆறு வயது.

ஷீபாவின் அண்ணன் வசந்த்குமார் மட்டும் கத்தவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை அவருக்கு. அந்த வசனம் முதல்முதலில் டிவியில் வந்த அன்று போன் செய்தார்.

"பாப்பா, டிவில நைனா பேசறாரு."

"இன்னாண்ணா சொல்ற? நைனா செத்து அஞ்சு வருசமாவுது."

"அதத்தான் நானும் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் வைத்துவிட்டார். ஷீபா சிரித்துவிட்டு மறந்துபோனார்.

2025 ஜூனில் ஆல்வின் மூன்றாம் வகுப்புக்குப் போனான். வாயாடி. வழியில் பார்த்த ஓணானுக்குக்கூடப் பெயர் வைத்து அதன் கதையைச் சாப்பாடு முடியும்வரை சொல்வான். வெடிச் சத்தத்துக்கும் நாய்க்கும் பயம். சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஜூலை முதல் வாரம், பள்ளி மைதானத்தில் கபடி ஆடும்போது விழுந்து முழங்கால் கிழிந்தது. அழுதான். ஒருவன் ஆரம்பித்தான், வகுப்பே சேர்ந்துகொண்டது: "அழுவியா? போ, போய்ப் பாவாடை கட்டிக்கோ!" இடியன் பேசுவதுபோலவே பேசினார்கள். அதாவது ஷீபா பேசுவதுபோல. மறுநாளும் சொன்னார்கள். மறு வாரம் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வீட்டிலிருந்து ஒரு பாவாடையைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சத்துணவு வரிசையில் வைத்து அவனுக்குக் கட்டிவிட்டார்கள். தட்டைக் கையில் வைத்திருந்ததால் அவனால் அவிழ்க்க முடியவில்லை.

அன்று வியாழக்கிழமை. தொண்டை போய் வீடு திரும்பிய ஷீபா, மகன் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வயிற்றைத் தட்டிக் காட்டினான். ஷீபா சிரித்துக்கொண்டே சோறு போட்டார். வெள்ளிக்கிழமையும் அவன் வயிற்றைத் தட்டினான். சனிக்கிழமை ஜான் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார். "ஜெயிச்சிட்டடா, போதும் பேசு!" என்றார். பத்து நாள், முழுசாகப் பத்து நாள், மகன் சைகை ஆட்டம் ஆடுகிறான் என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோராம் நாள் வகுப்பு ஆசிரியை சுலோச்சனா கூப்பிட்டனுப்பினார்.

"ஆல்வின் அம்மா, வூட்ல ஏதாச்சும் பிரச்சனையா? வாயே தொறக்க மாட்றான். அட்டெண்டன்ஸுக்குக்கூட கைய மட்டும் தூக்கறான்."

"வெளையாடறான்னு நெனச்சோம் மிஸ்."

"ரெண்டு வாரமாவா வெளையாடுவான்?" என்றார் சுலோச்சனா. பாவாடை விஷயத்தை அப்போதுதான் சொன்னார். "பசங்கள கண்டிச்சிட்டேன். ஆனா இன்னா பண்றது, எல்லாம் டிவில பார்த்துக் கத்துக்குதுங்க." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. மேசைமேல் இருந்த நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் தொண்டையைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை, அவனுக்குத் தோன்றும்போது பேசுவான், வற்புறுத்தாதீர்கள் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் ஷீபா அவன் காதோரம் குனிந்து, "மொதல்ல யாருடா ஆரம்பிச்சது? பேரச் சொல்லு, அம்மா கேக்கறேன்," என்றார்.

ஆல்வின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நெல்வாய் கூட்டுரோடு தாண்டிய பிறகு ஒரே ஒரு சொல் சொன்னான்.

"நீ."

ஜான் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். பருவத்துக்குத் தஞ்சாவூர்வரை போவார். அன்று வீட்டில் இருந்தார்.

"ஏம்மே, ஆம்பளப் புள்ளன்னா நாலு பேர் கிண்டல் பண்ணத்தான் செய்வான். ரெண்டு சாத்து திருப்பிச் சாத்துனா தன்னால வாய் தொறக்கும். எங்கப்பன் என்னைய ஏரில தூக்கிப் போட்டாரு. ஆறு வயசுல. நீந்தி வர்ல நானு?"

"வந்த. அப்பறம் ஏன் இன்னிக்கி வரைக்கும் ஏரிக்கரை ரோட்ல வண்டி ஓட்ட மாட்ற? மூணு கிலோமீட்டரு சுத்திக்கினு வர?"

ஜான் எழுந்துபோய் வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று ஷீபா அதற்குப் பிறகுதான் யோசித்தார். வீட்டில் ஒரு கன்றுக்குட்டி செத்துப்போனது. அப்போது அண்ணனுக்குப் பதினொரு வயது, ஷீபாவுக்கு ஏழு. குழி தோண்டிய இடத்தைவிட்டு எழுந்து வராமல் அண்ணன் அழுதான். அப்பா கொடியிலிருந்து அம்மாவின் பாவாடையை உருவி அவன் இடுப்பில் கட்டி, காலனிக் குழாயடியில் கொண்டுபோய் நிறுத்தினார். "அயுவுறியா? போ, போயி பாவாட கட்டிக்கோ!" தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஷீபாவும் சிரித்தார். நன்றாகவே சிரித்ததாக ஞாபகம். அண்ணன் அதற்குப் பிறகு அழுது அவர் பார்த்ததில்லை. அப்பாவின் அடக்கத்தன்றும் இல்லை, அண்ணனுக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றாம் நாள் இறந்தபோதும் இல்லை. தொழிற்சாலை, வீடு, டிவி. நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதராக அவர் ஆனது எந்த வருஷம் என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஷீபா பாஸ்கரிடம் சொன்னார். "சார், அந்த டயலாக்க நான் இனிமே பேசல."

பாஸ்கர் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "பன்னு சும்மா காமெடிக்கு மேடம். அவன் அழுதாத்தான் இடியன் ஹீரோ. கதையே அப்படித்தான் வெச்சிருக்காங்க."

"இடியன் ஒரு தடவ அழுதா இன்னா சார்? கத ஓடாதா?"

பாஸ்கர் கணினியைத் திருப்பிக் காட்டினார். படம் வரைகிறவர்களுக்காகத் தயாரித்த பக்கம் அது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்னென்ன முகங்கள் என்று வரிசையாக வரைந்திருந்தார்கள். பன்னுவுக்குப் பதினொரு அழும் முகம். இடியனுக்கு மொத்தம் இருபத்து நான்கு முகங்கள்: கோபம், கர்ஜனை, ஏளனம், வெற்றி. ஷீபா இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அழும் முகம் ஒன்றுகூட இல்லை.

"அழணும்னாலும் அவனால முடியாது மேடம். வரையவே இல்ல."

"அப்ப பேச்சையாச்சும் மாத்தலாம்ல?" ஷீபா மைக் முன்னால் போய் நின்றார். அன்றைய காட்சியில் வழக்கம்போலப் பன்னு அழுதான், இடியன் வாய் அசைத்தான். ஷீபா பேசினார்: "அழறியா? அழுதுக்கோ, அப்பறம் சேர்ந்து போலாம்!" அசைவுக்கு அசைவு பொருந்தியது. பஸ்ஸில் வரும்போது விரலால் தொடையில் தட்டித் தட்டி அளந்து வைத்திருந்த வசனம் அது. கண்ணாடிக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பாஸ்கர் தலையாட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. சேனலுக்கு அனுப்பறேன்."

வீட்டுக்கு வந்து ஆல்வினிடம் சொன்னார். தொண்டை வலியோடு, சைகை இல்லாமல், வாயாலேயே சொன்னார். "செப்டம்பர் கடைசி ஞாயித்துக்கெழம பாரு. இடியன் வேற சொல்லப் போறான். அம்மா மாத்திட்டேன்." அவன் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்ததை மறுநாள் ஷீபா பார்த்தார்.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு மூவரும் டிவி முன் உட்கார்ந்தார்கள். இரண்டு மாதமாக ஆல்வின் இடியனைப் பார்க்கவே இல்லை. பாலம் இடிந்தது. பன்னு அழுதான். இடியன் இடுப்பில் கைவைத்துத் திரும்பினான்.

"அழுவியா? போ, போய்ப் பாவாடை கட்டிக்கோ!"

அது 2019இல் பேசியது. ஆறு வருடம் இளைய குரல், தொண்டை கெடாத குரல். ஷீபாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆல்வின் டிவியைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடியிருந்த அந்த வாயை நன்றாகப் பார்த்துவிட்டு, எழுந்து வெளியே போனான்.

"சேனல்ல ஒத்துக்கல மேடம்," என்றார் பாஸ்கர் போனில். "பழைய டேக் இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டாங்க. அக்ரிமெண்ட்ல அப்படித்தான் இருக்கு, நீங்க படிச்சிருப்பீங்க. நானூறு எபிசோடு குரல் அவங்ககிட்ட இருக்கு. நீங்க வரலன்னாலும் இடியன் பேசுவான். உங்க குரல்லயே பேசுவான்."

அக்டோபரில் பள்ளிக்கூடத்தில் இன்னொரு முறை கூப்பிட்டார்கள். வாசிப்புத் தேர்வில் ஆல்வின் வாய் திறக்கவில்லை. இப்படியே போனால் சிறப்புப் பயிற்சி மையத்துக்கு எழுத வேண்டிவரும் என்றார் தலைமையாசிரியர். ஜான் ஒரு முறை கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பருவம் தொடங்கும் முன்பே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது குக்கர் விசில்தான்.

நவம்பர் 20. சண்டைக் காட்சிகளை முடித்துவிட்டு ஷீபா கோடம்பாக்கம் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தபோது சுலோச்சனாவின் போன் வந்தது.

"ஆல்வின் அம்மா! பேசிட்டான்! ஆல்வின் பேசிட்டான்!"

ஷீபாவுக்குத் தொண்டையில் சத்தம் இல்லை. "இன்னா மிஸ்?" என்றது காற்றாகத்தான் வந்தது.

"ஒண்ணாவது படிக்கிற புள்ள ஒண்ணு, வரதனோட பையன், கொழாயாண்ட வழுக்கி வுழுந்து அழுதுகினு இருந்துச்சு. எல்லாரும் பார்த்துகினு நிக்கறோம். இவன் நேரா போனான். இடுப்புல கை வெச்சான். சொன்னான் பாருங்க, 'அழுவியா? போ, போய்ப் பாவாடை கட்டிக்கோ'ன்னு. அப்படியே உங்க கொரலுங்க! பசங்க எல்லாம் ஒரே கைத்தட்டல். தூக்கிக்கினு சுத்தறானுங்க. இனிமே பயமில்ல. அட்டெண்டன்ஸுக்கு 'உள்ளேன் டீச்சர்'னான்!"

ரயில் வந்தது. ஷீபா ஏறவில்லை. அடுத்த ரயிலில் ஏறினார்.

வீட்டு வாசலில் நான்கைந்து சைக்கிள்கள். அவற்றில் இரண்டு, ஜூலையில் பாவாடை கொண்டுவந்த பையன்களுடையவை. "ஆன்ட்டி, ஆல்வின் சூப்பர்!" என்று கத்திவிட்டு அவர்கள் போனார்கள். ஆல்வின் ஓடிவந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டான். நான்கு மாதப் பேச்சையும் ஒரே மூச்சில் கொட்டினான். தன்னைக் கபடியில் சேர்த்துக்கொண்டது, நாளைக்குக் கேப்டன் ஆக்குவதாகச் சொன்னது, ஏரிக்கரை ஓணான் வால் அறுந்து கிடந்தது. வியாழக்கிழமை என்பதே அவனுக்கு நினைவில்லை. வயிற்றைத் தட்டவில்லை, "பசிக்குதும்மா" என்றான்.

பிறகு அடுப்பங்கரை நடுவில் நின்று இடுப்பில் கைவைத்தான். முழுசாகச் சொல்லிக் காட்டினான்.

"கரெக்டா சொன்னேனாம்மா? 'போ'ல இன்னும் கொஞ்சம் இழுக்கணுமா?"

ஷீபா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பையனுக்கு அடி பலமா என்று கேட்க வாய் வரை வந்தது. தப்புடா என்று சொல்லவும் வந்தது. சொன்னால் இந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும், இந்த முறை எத்தனை மாதமோ. அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கரெக்ட்," என்றார் ஷீபா. "இழுக்க வேணாம். அவ்ளோதான்."

ஜானுக்குப் போன் போட்டு அவனையே பேசவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ வயலில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே ஜான் சிரிப்பது கேட்டது. ஆல்வின் வசனத்தையும் சொல்லிக் காட்டியதும் சிரிப்புச் சத்தம் நின்று, இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

வரதனின் மகனுக்கு வயது ஆறு. முழங்கையில் நான்கு தையல் போட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டான். அட்டெண்டன்ஸுக்கு வாய் திறக்காமல் அடிபடாத கையைத் தூக்கினான். ஐந்தாவது சீசனின் குரல் பதிவு டிசம்பர் 4, வியாழக்கிழமை தொடங்குகிறது. ஷீபா ஐந்து இருபது பஸ்ஸில் போகிறார்.